கயிற்றில் ஓர் இடம்

முதலில் சத்தம்தான் வந்தது. டக். டக். டக். மணல்மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மரத்தோடு மரம் மோதுகிற சத்தம்.

ஊற்றுக்குழிக்குள் குனிந்து தேங்காய்ச் சிரட்டையால் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த கொம்பையா நிமிர்ந்தான்.

"உன்னைத் தேடித்தான் வருகிறது," என்றார் குரு.

குருவுக்கு நாற்பது வயது இருக்கும். சீடனுக்கு ஐம்பத்திரண்டு. கொம்பையா ஞானம் தேடி இங்கே வரவில்லை. தண்ணீர் தேடி வந்தான். ஊர்க் கிணற்றை அவனுக்கு அடைத்த அன்று, மேட்டைத் தாண்டி ஒரு பரதேசி குடிசை போட்டிருக்கிறார், பக்கத்தில் நல்ல ஊற்று இருக்கிறது என்பது ஞாபகம் வந்தது. குடத்தோடு வந்தவன் நின்று இரண்டு வார்த்தை பேசினான். பேசுவதற்கு வேறு ஆள் இல்லாததால் மறுநாளும் வந்தான். மூன்று வருடம் போய்விட்டது. இப்போது படுக்கையும் இங்கேதான்.

அவன் செய்தது இவ்வளவுதான். அவன் ஊருக்கும் வடக்கூருக்கும் பகை. வடக்கூர்ப் படகு கவிழ்ந்தால் யாரும் கை கொடுக்கக் கூடாது என்று ஊர் கூடி முடிவு செய்திருந்தது. கொம்பையா ஒருவனுக்குக் கை கொடுத்துவிட்டான். அன்று சாயங்காலமே அவன் வாசலில் உடைமரத்து முள்கிளையைக் குறுக்கே போட்டார்கள். முள் விழுந்த வாசலுக்கு நெருப்பு இல்லை, தண்ணீர் இல்லை, பேச்சு இல்லை. கடற்கரையில் ஊரே சேர்ந்து கரைவலை இழுக்கும் கயிற்றில் இடம் இல்லை. மனைவி முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளைகள் கிடையாது. ஆக, அந்த முள் அவன் ஒருவனுக்கு மட்டும்தான்.

விலக்கப்பட்டவனிடம் ஊர்ச் சேதி சொல்ல ஒரு ஆள் உண்டு. அவன் இரண்டு கட்டைகளைத் தட்டிக்கொண்டே பேச வேண்டும். கட்டை ஒலிக்கிற வரை அது ஊர்ப் பேச்சு. கட்டை ஓய்ந்தபின் வாய் திறந்தால் அது சொந்தப் பேச்சு. சொந்தப் பேச்சுக்கு அவன் வாசலிலும் முள் விழும்.

மேட்டின் மேல் கட்டைக்காரன் உச்சிமாகாளியின் தலை தெரிந்தது.

மாதம் ஒரு தரம், விலக்கப்பட்டவன் எல்லைக்குள் வந்தானா என்று விசாரிக்கிற சாக்கில், மாகாளி வருவான். தட்டிக்கொண்டே கேட்க வேண்டியதைக் கேட்பான். பிறகு கட்டைகளை இடுப்பில் செருகிவிட்டு மணலில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, "ம், ஊர் செத்துப்போச்சு. இப்போ நம்ம கதைக்கு வாரும் வே," என்பான். யார் வீட்டில் கல்யாணம், யார் படகு ஓட்டை, எவன் எவளைப் பார்த்துச் சிரித்தான், எல்லாம் சொல்வான். கொம்பையா சிரித்துச் சிரித்து இருமுவான். மறுமாதம் வரை அதையே நினைத்துக்கொண்டிருப்பான்.

இன்று மாகாளி உட்காரவில்லை.

"ஊர்ச் சேதி. கேளும்," என்றான். கட்டை ஒலித்தது. "ஐப்பசிக் காய்ச்சல்ல ஏழு பேரு போயிட்டாவ. கயித்துல கை குறையுது. நாளைக்குக் காலையில கொம்பையா வரலாம். கயித்து மேல கை வச்சு, இந்த மூணு வருசத்துல தன்னோட பேசுனது யாருன்னு ஒரு பேரு சொல்லணும். சொன்னா இடம்."

கொம்பையா சிரட்டையைக் கீழே வைத்தான்.

"யாரும் பேசலைன்னு சொன்னா?"

"ஊர்த் தலைவரு அதையும் சொல்லித்தான் விட்டிருக்காரு. மூணு வருசம் ஒருத்தனும் பேசாம ஒருத்தன் புத்தி தெளிவா இருக்க முடியாதாம். நீரு தெளிவா இருக்கீருன்னு ஊருக்குத் தெரியும்."

"சாமி பேசுனாரே."

"பரதேசி பேச்சு செல்லாது வே. அவரு எந்த ஊரு?"

குரு சிரித்தார்.

சேதி முடிந்துவிட்டது. மாகாளி போகவில்லை. கட்டைகளை இடுப்பில் செருகவும் இல்லை. விடாமல் தட்டினான். டக், டக், டக்.

"ஒரு வேடிக்கை சொல்லவா?" என்றான். "உம்மைச் சேத்துக்கணும்னு அஞ்சு மாசமா தலைவரு காதுல ஓதிட்டுக் கிடந்தவன் நான்தான். பேரு கேப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்லை. என் வாயிக்கு ஒரு பூட்டுப் போட்டிருக்கலாம்."

"மாகாளி..."

"எனக்கு மூணு பொம்பளப் பிள்ளைக வே."

"கட்டையை நிறுத்திட்டுப் பேசுலே."

"மாட்டேன்." அவன் முகம் வியர்த்திருந்தது. "மறந்திருவீரா?"

"எதை?"

"என் குரலை."

பதிலுக்குக் காத்திருக்காமல் திரும்பி மேடேறினான். அவன் தலை மறைந்த பிறகும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

குரு ஊற்றின் விளிம்பில் சரிந்த மணலை வழித்து வெளியே போட்டுக்கொண்டிருந்தார். அந்த ஊற்றில் மணல் நாள் முழுக்கச் சரியும். வழித்துக்கொண்டேயிருந்தால்தான் தண்ணீர்.

"சாமி, நான் போகணும்."

"தெரிகிறது."

"மூணு வருசமா உங்ககூட இருக்கேன். நல்லாத்தான் இருக்கேன். ஆனா..."

"ஆனால் நான் ஊர் இல்லை."

கொம்பையா தலை குனிந்தான். "கயிறு இழுக்கையில முன்னால ஒருத்தன் முதுகு இருக்கும் சாமி. பின்னால ஒருத்தன் மூச்சு விடுவான். அந்த மூச்சு என் பிடரியில படணும். 'வலிச்சு இழுலே, செத்த பொணமே'ன்னு எவனாவது என்னை வையணும். நல்ல வார்த்தை வேண்டாம். வசவு போதும்."

"கை கொடுத்தாயே, அந்த வடக்கூர்க்காரன். இருக்கிறானா?"

"தெரியாது. அந்த முகமே மறந்துபோச்சு." காலால் மணலைத் தள்ளினான். "கொடுத்திருக்கக் கூடாது சாமி. முங்கிச் சாகட்டும்னு விட்டிருக்கணும்."

குரு மணலை வழித்துப் போட்டார்.

"பேரு சொல்லாம போய்ப் பாக்கவா?"

"போகலாம். பாதி வழி வரைக்கும்."

"மாகாளி பேரைச் சொல்ல மாட்டேன். என் நாக்கு அழுகிப்போகும்." கொம்பையா எழுந்து நடந்தான். திரும்பி வந்தான். மறுபடி நடந்தான். பிறகு சட்டென்று நின்றான். முகம் தெளிந்திருந்தது. "சாமி, பலவேசம் காய்ச்சல்ல செத்துப்போயிட்டான். போன மாசம் மாகாளி சொன்னான். அவன் பேரைச் சொன்னா? செத்தவனை யாரு என்ன செய்ய முடியும்?"

"செத்தவனுக்கு வீடு இல்லையா?"

"பொண்டாட்டி இருக்கா. பிள்ளை கிடையாது. நாப்பதாம் நாள் கழிஞ்சா தாய்வீட்டுக்குப் போயிருவா."

"போவதாகச் சொன்னாளா?"

"போகாம பின்னே?"

குரு மணல் ஒட்டிய கையைத் தட்டிக்கொண்டார்.

"போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி."

"சொன்னால் நிற்பாயா?"

கொம்பையா மேட்டைப் பார்த்தான்.

"மாட்டேன்."

"பிறகு எதற்கு என் வாயை வீணாக்குகிறாய்?"

மறுநாள் காலை அவன் மேடேறிப் போனான். குரு ஏறிட்டுப் பார்த்தார். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

பதினேழு நாள் கழித்து, வெயில் தாழ்ந்த நேரத்தில், ஓலைப்பெட்டி நிறைய மீனோடு வந்தான். உள்ளங்கைகள் இரண்டும் புண்ணாகியிருந்தன. குருவின் முன்னால் அவற்றை விரித்துக் காட்டினான், பண்டம் வாங்கி வந்தவன் காட்டுவதுபோல.

"கயிறு அறுத்துட்டுது சாமி. மூணு வருசத்துல கை பொம்பளைக் கையாப் போச்சுன்னு எல்லாரும் சிரிக்கானுவ. நான் அழுதுட்டேன்."

"வலியிலா?"

"இல்ல சாமி. எனக்கு முன்னால ஒரு முதுகு இருந்திச்சு."

"வைதார்களா?"

"வைதானுவ!" அவன் முகம் மலர்ந்தது. "'மூணு வருசம் சாமிக்குக் கால் பிடிச்சவனே, இங்க காலை ஊணுலே'ன்னு ஒரு சின்னப்பய வைதான். அவன் வாயில சக்கரை போடணும்."

குரு ஓலைப்பெட்டியை நகர்த்தி நிழலில் வைத்தார். கேட்கவில்லை. கேட்காததால் கொம்பையா சொன்னான்.

சுருட்டி வைத்த கயிற்றின் மேல் கை வைத்து, பலவேசம் என்று சொன்னானாம். கூட்டத்தில், செத்தவனையா சொல்லுகிறாய் என்று ஒருவர் கேட்டார். செத்தவன்தான், உயிரோடு இருந்தபோது மேடேறி வந்து பேசினான் என்றான். இதுவரை யாரும் செத்தவன் பெயரைச் சொன்னதில்லை. என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. உச்சி வெயில் வரை வாதாடினார்கள். செத்தவன் வாசலுக்கு எதற்கு முள் என்றார்கள் சிலர்.

"அதோட விட்டிருவாங்கன்னு நினைச்சேன் சாமி. தலைவரு எந்திரிச்சாரு. கயித்து மேல சொன்ன பேரைக் கீழ போட முடியாது, எங்கயாவது வைக்கணும்னாரு. ஆளு இல்லைன்னா வீடுன்னாரு. கை தூக்கச் சொன்னாரு."

"நீ எங்கே இருந்தாய்?"

"கூட்டத்துக்குள்ள. அப்பத்தான் உக்காரச் சொல்லி இடம் விட்டிருந்தாங்க. ரெண்டு பக்கமும் தோள் இடிச்சுது." அவன் தன் வலது கையைப் பார்த்தான். "எல்லாக் கையும் மேல போச்சு. என் கையும் போச்சு சாமி. நான் தூக்கலை. அது தானாப் போச்சு."

ஊற்றில் ஒரு பக்கம் மணல் சரிந்தது. குரு குனிந்து வழித்தார்.

"அவ தாய்வீட்டுக்குப் போகலை," என்றான் கொம்பையா. "போகப் பாத்தாளாம். முள்ளு விழுந்த வீட்டுக்காரி இங்க வரக் கூடாதுன்னு அங்கேயும் சொல்லிட்டாங்களாம். ஊர்ல இருக்கா. கதவு மூடியே கிடக்கு."

"மாகாளி எப்படியிருக்கிறான்?"

கொம்பையா விரித்திருந்த கைகளை மடக்கிக்கொண்டான்.

"கயித்துல எனக்கு ரெண்டு ஆளு தள்ளி நிக்கான். எல்லார்கிட்டயும் கேலி பேசுதான். ஊரே என்கூடப் பேசுது சாமி. அவன் ஒருத்தன் பேச மாட்டேங்கான். நேத்து எதிர்ல வந்தான். 'என்னலே மாகாளி'ன்னேன். கால்ல முள்ளு குத்துன மாதிரி ஒதுங்கிப் போயிட்டான்."

"பேசத் தடை ஒன்றும் இல்லையே இப்போது."

"இல்லை."

"ம்," என்றார் குரு.

மேட்டில் ஒரு பெண் இறங்கி வந்தாள். இடுப்பில் குடம். மணல் சுட்டிருக்க வேண்டும், கால் மாற்றி மாற்றி வைத்தாள். கொம்பையா அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். பலவேசத்தின் மனைவி பூங்கனி.

"தினமும் இந்த நேரத்துக்கு வருகிறாள்," என்றார் குரு. "ஊர்க் கிணறு அடைத்தாயிற்று."

கொம்பையா குடிசைப் பக்கம் நகர்ந்தான். அதற்குள் அவள் வந்துவிட்டாள். குடத்தை இறக்கி வைத்தாள். குரு அதை வாங்கி ஊற்றோரம் வைத்து, சிரட்டையால் மொண்டு ஊற்றத் தொடங்கினார். அவள் அங்கே நிற்கவில்லை. நேராகக் கொம்பையாவின் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணே."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"உங்களை வையறதுக்கு வரலை அண்ணே. பயப்படாதிய. பேர் சொல்லித்தான் ஆகணும்னா சொல்லித்தானே ஆகணும். எனக்குத் தெரியாதா ஊரு?"

அவன் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அவுக பயந்த மனுசன். ஊருக்கே தெரியும். கை தூக்கச் சொன்னா, முதல்ல தூக்குறது அவுக கைதான். உங்களுக்கு முள்ளு வச்ச அன்னைக்கும் அப்படித்தான். வீட்டுக்கு வந்து சோறு தின்னாக. எனக்குத் தொண்டையில இறங்கலை. இருவத்திரண்டு வருசம் குடும்பம் நடத்துனேன். ஒரு நாளும் அவுக மேல எனக்கு மனசு ஒட்டலை அண்ணே. செத்தப்போகூட ஊருக்காகத்தான் அழுதேன்."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்போ ஊரே சொல்லுது. எனக்குத் தெரியாம இந்த மேடேறி வந்து உங்ககிட்டப் பேசுனாகன்னு. மூணு வருசம். என் பக்கத்துல கிடந்த மனுசன். முள்ளு விழுந்த அன்னைக்கு வாசல்ல உக்காந்து யோசிச்சேன். எனக்குக் கோவம் வரலை அண்ணே. சிரிப்பு வந்திச்சு. அடப் பாவி மனுசான்னு. அவுக சட்டை ஒண்ணு கொடியிலயே கிடந்திச்சு, எடுத்து மடிச்சு வச்சேன்."

குரு இன்னொரு சிரட்டைத் தண்ணீரைக் குடத்தில் ஊற்றினார்.

"என்ன பேசுனாக அண்ணே? நிறைய வேண்டாம். ஒரு வார்த்தை. என்னைப் பத்தின்னு இல்லை. எதுவா இருந்தாலும் சரி."

சுற்றிலும் ஒரு ஈ காக்கை இல்லை. கொம்பையா தலையைத் தூக்கி மேட்டைப் பார்த்தான். மேட்டின் மேல் வெறும் வானம்தான் இருந்தது. மறுபடியும் பார்த்தான்.

"அண்ணே."

அவன் அவளைச் சுற்றிக்கொண்டு, மணலில் கால் புதையப் புதைய, குருவிடம் போனான். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து தணிந்த குரலில் பேசினான். அவ்வளவு தணிவாக இல்லை. அவளுக்குக் கேட்டது.

"சாமி, என்னால முடியாது. பேசுனேன்னு தெரிஞ்சா நாளைக்கே என் வாசல்ல முள்ளு. இன்னொரு மூணு வருசம் என்னால ஆகாது. செத்துருவேன். நீங்க சொல்லுங்க அவகிட்ட."

"என்ன சொல்ல?"

"அவ புருசன் நல்லவன்னு. தைரியசாலின்னு. மேடேறி வந்து நல்ல வார்த்தை பேசுனான்னு. ஏதாவது சொல்லுங்க சாமி, உங்களுக்குத் தெரியாததா? அவ மனசு ஆறட்டும்."

குரு சிரட்டையை முழங்காலில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தார். அவர் கண்ணில் கோபம் இல்லை.

"சொல்கிறேன். யார் சொன்னது என்று அவள் கேட்பாள். யார் பெயரைச் சொல்லட்டும்?"

கொம்பையா மறுபடியும் மேட்டைப் பார்த்தான்.

பூங்கனி இருவரையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றாள். காத்திருந்தாள்.

குடம் பாதிதான் நிறைந்திருந்தது. குரு சிரட்டையை எடுத்துக்கொண்டு ஊற்றுக்குள் குனிந்தார்.